அந்த வீடு யாருடையது?

படத்தில் ஒரு குறையும் இல்லை. சாய்ந்த கூரை, இரண்டு ஜன்னல்கள், பக்கத்தில் ஒரு வேப்ப மரம். கிழக்கு தில்லியில் ஓர் அரசுப் பள்ளி. ஆறாம் வகுப்புச் சுவரில் ஒட்டியிருந்த அந்தப் படத்தைப் பார்த்துத் தாய் பூரித்துப் போனார். மூளை முடக்குவாதத்தால் பேனா பிடிக்கவே திணறும் தன் மகனா இதை வரைந்தான்? பையன் தலை நிமிரவில்லை. "நான் வரையலை. மேடம்தான் வரைஞ்சாங்க" என்றான்.

அவன் சொன்னது உண்மை. பென்சில் அவன் கையில் இருந்தது. அவன் கையோ 'மேடம்' கையில் இருந்தது. அவர் முழு ஆசிரியர் அல்ல. ஓவியத்தில் பட்டம் பெற்று, பி.எட். பயிற்சிக்காக அந்தப் பள்ளிக்கு வந்திருக்கும் 24 வயதுப் பெண். கையைப் பிடித்து வரைய வைப்பதுதான் உதவி என்று நம்பியிருந்தார். அன்றிரவு விடுதி அறையில் தூக்கம் வரவில்லை. தான் உதவியது பையனுக்கா, சுவருக்கா என்ற கேள்வி குடைந்தது.

அடுத்த அடி வேறொரு மாணவனிடமிருந்து. மரம் வரையச் சொன்னால் இலைக்குப் பழுப்பு, அடிமரத்துக்குப் பச்சை பூசினான். வகுப்பு சிரித்தது. கவனக்குறைவு என்று மதிப்பெண்ணைக் குறைத்தார் மேடம். மறுவாரமும் அதே குழப்பம். அப்போதுதான் பொறி தட்டியது. சிவப்பு, பச்சை, பழுப்பு நிறங்களைப் பிரித்தறிய முடியாத பார்வைக் குறைபாடு பரம்பரையாக வருவது. பெண்களைவிட ஆண்களிடம் பல மடங்கு அதிகம். அந்தப் பையனுக்குத் தேவைப்பட்டது கண்டிப்பும் அல்ல, பரிதாபமும் அல்ல. கிரேயான் மீது நிறத்தின் பெயரை இந்தியில் எழுதிய ஒரு துண்டுக் காகிதம், அவ்வளவுதான்.

கல்லூரியில் படித்த ஒரு பாடம் அவருக்கு இப்போது வேறு விதமாகப் புரிந்தது. வினோத் பிஹாரி முகர்ஜிக்குப் பிறவியிலேயே ஒரு கண்ணில் பார்வை இல்லை; மறு கண்ணில் கடுமையான கிட்டப்பார்வை. 1919-ல் சாந்திநிகேதன் கலாபவனில் சேர்ந்தபோது, இவரால் ஓவியராக முடியுமா என்று ஆசிரியர் நந்தலால் போஸே தயங்கினார். ஆர்வம் இருந்தால் அவர் வழியில் விட்டுவிடச் சொன்னவர் தாகூர். அந்த மாணவர்தான் பின்னாளில் ஹிந்தி பவன் சுவர்களில் இடைக்காலத் துறவியரின் வாழ்வை மாபெரும் சுவரோவியமாகத் தீட்டினார். 1950-களின் பிற்பகுதியில், அறுவை சிகிச்சை பலிக்காமல் பார்வை முற்றிலும் போன பிறகும் நிற்கவில்லை. காகிதத்தை வெட்டினார், களிமண்ணைப் பிசைந்தார், மாணவர்களுக்குப் பாடம் சொன்னார். அவரிடம் பயின்ற சத்யஜித் ராய் 1972-ல் அவரைப் பற்றி 'தி இன்னர் ஐ' என்ற ஆவணப் படம் எடுத்தார்.

ஊனத்தை வென்ற மேதையின் கதை என்றுதான் இதைச் சொல்வது வழக்கம். பயிற்சி ஆசிரியை கவனித்தது வேறொன்றை: யாரும் அவருக்காக வரைந்து கொடுக்கவில்லை. வழியை மட்டும் மறிக்காமல் இருந்தார்கள்.

சட்டத்தில் குறையில்லை. 2009-ன் கல்வி உரிமைச் சட்டமும் 2016-ன் மாற்றுத் திறனாளிகள் சட்டமும் எல்லாக் குழந்தைகளுக்கும் வகுப்பறைக் கதவைத் திறந்துவிட்டன. உள்ளே வந்த பிறகு 48 பேருக்கு 40 நிமிடம். அதையும் பரீட்சை நேரத்தில் கணக்குப் பாடம் விழுங்கிவிடும். ஒவ்வொருவருக்கும் தனியாக என்ன செய்ய முடியும்?

கொஞ்சம் முடிந்தது. நழுவாதபடி காகிதத்தை நாலு மூலையிலும் தரையோடு ஒட்டினார். கிரேயானில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றிப் பிடியைத் தடிமனாக்கினார். "எல்லோரும் வீடு வரையுங்கள்" என்பதை விட்டு, "காலையில் பார்த்த ஒன்றை வரையுங்கள்" என்றார். களிமண்ணும் வைத்தார். சைக்கிள் டியூப் பிடி, கை நடுக்கம் இல்லாத நாலு பேருக்கும் பிடித்துப் போனது. தன் கைகளை மட்டும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். அதுதான் மிகக் கடினமாக இருந்ததாம்.

மேற்பார்வைக்கு வந்த பேராசிரியைக்குத் திருப்தியில்லை. தரையெல்லாம் கரி, சுவரெல்லாம் கிறுக்கல், ஒரே இரைச்சல். பயிற்சிக்கான மதிப்பெண் எதிர்பார்த்த அளவு வரவில்லை. வேலை தேடும்போது அது உறுத்தத்தான் செய்யும். முதல் வீட்டுப் படத்துக்கு அதிக மதிப்பெண் கிடைத்திருக்கும் என்பது அவருக்குத் தெரியும்.

கடைசி நாளன்று படங்களை வீட்டுக்கு எடுத்துப் போகச் சொன்னார். அந்தப் பையன் சுவரருகே வெகு நேரம் நின்றான். கரியில் நடுங்கி நடுங்கி ஓடும் ஏழெட்டுக் கோடுகளை மெதுவாகப் பிரித்தெடுத்தான். காலையில் தாயின் இடுப்பில் இருந்தபடி பார்த்த மெட்ரோ ரயிலாம். சுருட்டி மார்போடு அணைத்துக்கொண்டான்.

சாய்ந்த கூரை வீடு சுவரிலேயே இருந்தது. மேடம்தான் அதை எடுத்துப் போனார்.