சென்ற ஆண்டுப் பஞ்சாங்கம்

2024ஆம் ஆண்டுக் கோடையில், பெரம்பலூரில் நோயுற்றிருந்த எங்கள் பெரியப்பாவைக் காண டில்லியிலிருந்து விமானத்தில் புறப்பட்டோம். சென்னையில் இறங்கிக் கோயம்பேட்டில் பேருந்து ஏறலாம் என்று இணையத்தில் கண்ட பயணக் குறிப்பொன்று கூறிற்று. அவ்வாறே சென்றோம். தென்மாவட்டப் பேருந்துகள் கிளாம்பாக்கத்திற்கு மாறிவிட்ட செய்தி அங்கே சென்ற பின்னரே தெரிந்தது. 2023 டிசம்பர் 30இல் திறக்கப்பட்ட அம்முனையம் விமான நிலையத்திற்குத் தெற்கே உள்ளது, கோயம்பேடோ வடக்கே. வந்த வழியே திரும்பினோம். வீடு சேர்ந்தபொழுது பெரியப்பா நினைவிழந்திருந்தார். ஒரு மணி நேரத்திற்கு முன்புவரை எங்களைக் கேட்டுக்கொண்டிருந்தாராம்.

பின்னொரு நாள் அக்குறிப்பை மீண்டும் எடுத்துப் பார்த்தோம். அடியில் 2019 என்று சிறிய எழுத்தில் இருந்தது. எழுதியவர் பொய் எழுதவில்லை. நாங்கள்தாம் தேதியைப் பார்க்கவில்லை. சென்ற ஆண்டுப் பஞ்சாங்கத்தில் கணக்குப் பிழை இல்லை. ஆயினும் அதைக் கொண்டு எவரும் முகூர்த்தம் குறிப்பதில்லை.

ஞாயிறுதோறும் நாங்கள் இருவரும் தமிழ் கற்பிக்கும் பிள்ளைகளுக்கு இதனையும் கற்பிக்க எண்ணினோம். “இந்தியாவில் மாநிலங்கள் எத்தனை? இணையத்தில் பார்த்து வாருங்கள்” என்றோம். ஒரு சிறுமி 29 என்றாள். ஒரு சிறுவன் 28 என்றான். விடை 28தான். ஆனால் பெயர்களை எழுதச் சொன்னபொழுது அவன் பட்டியலில் தெலங்கானா இல்லை. ஜம்மு காஷ்மீர் இருந்தது. 2014 ஜூன் 2இல் தெலங்கானா பிறந்து மாநிலங்கள் 29 ஆயின. 2019 அக்டோபர் 31இல் ஜம்மு காஷ்மீர் இரண்டு யூனியன் பிரதேசங்களாகப் பிரிய, மீண்டும் 28 ஆயின. சிறுமி கண்டது இடைக்காலத்துப் பக்கம். சிறுவன் கண்டது அதனினும் பழையது. எண் பொருந்தியது தற்செயலே.

அன்று முதல் மூன்று கேள்விகளைப் பிள்ளைகளுக்குப் பழக்குகிறோம். இது எழுதப்பட்டது என்று? பக்கத்தின் உச்சியில் தோன்றும் இன்றைய தேதி, எழுதிய தேதி ஆகாது. அதன்பின் மாறியது என்ன? அப்பொருளுக்குப் பொறுப்பான அலுவலகம் இன்று கூறுவது என்ன?

பிறந்த மண்ணை விட்டு வந்த நமக்கு இப்பழக்கம் இன்னும் தேவை. ஊரைப் பற்றிய நமது அறிவு பெரும்பாலும் நாம் புறப்பட்ட நாளோடு நின்றுவிடுகிறது. சென்ற மாதம் அதே சிறுவன் எங்களிடம் வந்து, “விடுமுறைக்கு ஊருக்குப் போகிறோம் சார். பேருந்து இப்போது எங்கே நிற்கிறது என்று தாத்தாவிடம் கேட்டுவிட்டேன்” என்றான். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.