பாண்டிருப்பில் ஆறுமணிக் குருவி

கல்முனையிலிருந்து மட்டக்களப்புக்குச் செல்லும் பெருந்தெருவில், மருதமுனைக்குத் தெற்கே அமைந்தது பாண்டிருப்பு. திரௌபதை அம்மன் ஆலயத் தீமிதிப்பினாற் புகழ்பெற்ற ஊர். அவ்விழா நிகழும் புரட்டாதியை ஒட்டியே, இமயத்தின் அடிவாரத்திலும் நடு இந்தியாவிலும் குஞ்சு பொரிக்கும் காட்டுப் பறவையொன்று, இரவிற் பறந்து கடல் கடந்து நம் வளவுகளுக்கு வந்து சேர்கிறது.

வைகறையிலும் அந்தியிலும் ஆறு மணியளவில் இரண்டு சுரத்திற் சீழ்க்கையடிப்பதால், அதற்கு ஆறுமணிக் குருவி என்று பெயர். "சேர், மஃரிபுக்குப் பாங்கு சொல்ல முந்தி இது கூப்பிட்டிரும்" என்றார் மருதமுனை நெசவாளர் ஒருவர்.

குரலைக் கேட்டவர் பலர்; கண்டவர் சிலரே. மாமர நிழலிற் சருகு நிறைந்த மூலையருகே அசையாது அமர்ந்திருத்தல் வேண்டும். முதலிற் சருகுகள் சலசலக்கும். பின்னர், பத்தொன்பது சென்ரிமீற்றர் நீளமே உள்ள பறவை தத்தித் தத்தி வந்து, அலகினால் இலைகளைப் புரட்டிப் புழு பொறுக்கும். முதுகு பச்சை, தோளில் நீலம், கண்வழியே கரும்பட்டை, தொண்டை வெள்ளை, அடிவயிறு செக்கச்சிவப்பு. நீலத்தைக் கண்டு மீன்கொத்தி என மாணவர் மயங்குவதுண்டு. மீன்கொத்தி சருகு கிளறாது. வாலோ, அறுந்ததோ என ஐயுறுமளவு குட்டை. விஞ்ஞானப் பெயரின் முற்பாதியாகிய 'பிட்டா' தெலுங்கிற் பறவையைக் குறிக்கும். 'பிரக்கியூரா' என்னும் பிற்பாதி குறுவாலைச் சுட்டும் கிரேக்கச் சொல்.

சிங்கள மக்கள் இதனை 'அவிச்சியா' என்பர். குளிக்கையில் இதன் அழகிய ஆடையை மயில் கவர்ந்து சென்றதாம். இன்றும் அதைத் தேடியே கூவுகிறதாம். எஞ்சிய ஆடையே இத்துணை அழகெனில், களவு போனது எப்படி இருந்திருக்குமோ!

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் மாண்டோரை நினைக்கையில், மரங்களைப் பற்றிப் பேசுதல் சிறிதாகத் தோன்றலாம். எனினும் கரையோரத்து நிழல்மரங்களும் வேலிப் பற்றைகளும் பல அன்றே போயின. பின்னெழுந்த வீடுகளுக்குப் பெரும்பாலும் மதிலே உண்டு. முற்றமும் நாள்தோறும் துப்புரவாகக் கூட்டப்படுகிறது. சருகில்லா இடத்திற் புழுவில்லை. புழுவில்லா இடத்தில் இக்குருவிக்கு என்ன வேலை?

வந்திறங்கும் நாட்களிற் களைத்துப்போய் விறாந்தையில் விழுந்து கிடப்பதும் உண்டு. பூனைக்கு முந்திக்கொண்டு, துளையிட்ட கடதாசிப் பெட்டியில் இருளாக வைத்து, அந்தியில் மரத்தடியில் விட்டால் எழுந்து போய்விடும். எமக்குத் தெரிந்த மூதாட்டி ஒருவர் கிணற்றடிக்கப்பால் ஒரு மூலையை மாத்திரம் பங்குனிவரை கூட்டுவதில்லை. சென்ற மாரியில் அம்மூலையிலேதான் நாம் அதனை அரைமணி நேரம் அவதானித்தோம்.