வார்சோவில் ஒரு கருகிய தரை

பேர்லினில் படிக்கும் சிநேகிதியைப் பார்க்கப் போன இடத்தில்தான் “ஒருக்கா வார்சோவுக்கும் போய் வருவமே” என்ற கதை வந்தது. ரெயினில் ஆறு மணித்தியாலத்துக்குக் கிட்ட. மூன்று பேர், இரண்டு நாள், பையில் பாணும் சம்பலும். ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தவுடன் தலைக்கு மேலே நின்றது 237 மீற்றர் உயரமான கலாசார, விஞ்ஞான மாளிகை. சோவியத் யூனியன் கொடுத்த பரிசு, 1955இல் திறந்தது. அண்ணாந்து பார்த்துக் கழுத்து நொந்ததுதான் மிச்சம்.

எல்லோரையும் போல நாங்களும் முதலில் பழைய நகரத்துக்குத்தான் போனோம். கோட்டைச் சதுக்கத்தின் நடுவில், தலைநகரைக் கிராக்கோவிலிருந்து இங்கே கொண்டுவந்த மன்னர் மூன்றாம் சிக்மண்ட்டின் தூண். 1644இல் நிறுத்தப்பட்டது. பக்கத்தில் செங்கல் நிறத்தில் அரச மாளிகை. கொஞ்சம் உள்ளே நடந்தால் சந்தைச் சதுக்கம்: மஞ்சள், பச்சை, ரோஸ் நிறங்களில் ஒட்டி ஒட்டி நிற்கும் வீடுகள், நடுவே வாளும் கேடயமும் ஏந்திய கடற்கன்னி. ஃபோட்டோ எடுத்தே ஃபோன் சார்ஜ் பாதியாகிவிட்டது.

திரும்பி வரும்போது, மாளிகையின் பக்கத்துப் புல்வெளியில் பெரிய கல் உருளைகள் உடைந்து கிடந்ததைக் கண்டோம்.

“என்ன மச்சான் இது? உடைஞ்ச கல்லை ஏன் இஞ்ச போட்டு வச்சிருக்கிறாங்கள்?”

தேடிப் பார்த்தோம். அவை அந்தத் தூணின் பழைய தண்டுகள். 1944 செப்டெம்பரில் தூண் விழுத்தப்பட்டது. மன்னரின் சிலையைத் திருத்தி, புதிய தண்டின்மேல் 1949இல் திரும்ப ஏற்றியிருக்கிறார்கள். தூண் மட்டுமல்ல. 1944 ஓகஸ்ட் மாதம் தொடங்கி 63 நாள் நீடித்த எழுச்சியின்போதும் அதற்குப் பிறகும், பழைய நகரத்தில் 85 வீதத்துக்கு மேல் நாசிகளால் அழிக்கப்பட்டது. அரச மாளிகையை வெடி வைத்தே தகர்த்தார்கள். நாங்கள் “எவ்வளவு பழசு!” என்று வாயைப் பிளந்து பார்த்த வீடுகளில் அநேகமானவை எங்கள் அம்மம்மாவின் வயதைவிடக் குறைந்தவை.

எப்படித் திரும்பக் கட்டினார்கள்? 18ஆம் நூற்றாண்டில் பெர்னார்டோ பெலோட்டோ என்ற இத்தாலிய ஓவியர் இந்நகரத்தின் வீதிகளை நுணுக்கமாக வரைந்து வைத்திருந்தார். கட்டடக்கலை ஆசிரியர்களும் மாணவர்களும் அளந்து கீறிய வரைபடங்களும் ஒளித்துக் காப்பாற்றப்பட்டிருந்தன. அவற்றை வைத்துக்கொண்டு வீடு வீடாக எழுப்பினார்கள். அரச மாளிகையின் வேலை 1971இல்தான் தொடங்கியது, அதுவும் மக்கள் கொடுத்த காசில். 1980இல் யுனெஸ்கோ பழைய நகரத்தை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது.

அன்றிரவு எங்களுக்குள் சண்டை.

“அப்ப நாங்கள் பாத்தது முழுக்க கொப்பிதானே?”

“வேற என்ன செய்யச் சொல்லுறாய்? இடிச்சவன் நினைச்ச மாதிரியே வெறும் நிலமா விடுறதோ?”

“விடச் சொல்லேல்ல. ஆனா, இடிச்சது எங்க தெரியுது?”

பதில் அடுத்த நாள் கிடைத்தது. முதலில் புனித யோவான் பேராலயத்தின் வெளிச்சுவரில், குண்டு சுமந்து வந்த வாகனமொன்றின் இரும்புச் சங்கிலிப் பட்டை பதிக்கப்பட்டிருந்ததைக் கண்டோம். பிறகு மேற்கே நடந்தோம். கொஞ்சத் தூரத்தில் நடைபாதையில் இரும்புத் தகடுகள்: கெட்டோ மதில், 1940–1943. போருக்கு முன்னர் இந்நகரத்து மக்களில் ஏறத்தாழ 30 வீதமானோர் யூதர்கள். அவர்களை மதிலுக்குள் அடைத்து, பிறகு கொலை முகாம்களுக்கு அனுப்பினார்கள். பெரிய யூத ஆலயத்தை 1943 மே 16இல் தகர்த்தார்கள். அது நின்ற இடத்தில் இப்போது நீலக் கண்ணாடிக் கட்டடம். ஆட்கள் வேலைக்குப் போய் வருகிறார்கள். வீடுகளைத் திரும்பக் கட்டலாம். இந்த ஆட்களை எந்த ஓவியத்தைப் பார்த்துத் திரும்பக் கட்டுவது?

அந்தக் கண்ணாடிக் கட்டடத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய கட்டடம் தப்பி நிற்கிறது. அந்தக் காலத்தில் அது யூத நூலகம், இப்போது யூத வரலாற்று நிறுவகம். உள்ளே நுழைந்தவுடன் மண்டபத் தரையைப் பார்த்து நின்றுவிட்டோம். பக்கத்து ஆலயம் எரிந்தபோது கருகி வெடித்த தரை. மாற்றாமல் அப்படியே விட்டிருக்கிறார்கள். அதன் மேலேதான் நடக்க வேண்டும்.

உள்ளே ஒரு பழைய பால் கேன். இம்மானுவேல் ரிங்கல்புளும் என்ற வரலாற்றாசிரியரும் அவரது கூட்டாளிகளும் கெட்டோவுக்குள் இருந்துகொண்டே எல்லாவற்றையும் எழுதிச் சேர்த்தார்கள்: நாட்குறிப்பு, கடிதம், சுவரொட்டி. தகரப் பெட்டிகளிலும் பால் கேன்களிலும் அடைத்து மண்ணுக்குள் புதைத்தார்கள். அவர் 1944இல் கொல்லப்பட்டார். 1946இல் பத்துப் பெட்டிகளும் 1950இல் இரண்டு கேன்களும் கிடைத்தன.

அந்தத் தரையில் நின்ற மூன்று பேருக்கும் ஒரே நினைவு. ஒருத்தரும் வாய் திறக்கவில்லை.

நாங்கள் வளர்ந்த காலத்தில் யாழ்ப்பாணப் பொது நூலகம் வெள்ளை வெளேரென்று நின்றது. அதற்கு முன்னால் நின்று எடுத்த படம் எங்கள் எல்லோரிடமும் இருக்கிறது. 1981 மே 31 இரவு மூட்டிய தீயில் ஏறக்குறைய 97,000 நூல்களும் சுவடிகளும் போயின என்று படித்திருக்கிறோம். ஆனால், உள்ளே இருந்து ஏ.எல். பரீட்சைக்குப் படித்த நாட்களில் எரிந்த ஒரு கல் எங்கள் கண்ணில் பட்டதில்லை. திரும்பக் கட்டியது பிழை என்று சொல்ல வரவில்லை. அந்த மேசைகள் இல்லாவிட்டால் நாங்கள் எங்கே போய்ப் படித்திருப்போம்? ஆனால் ஓர் அடி கருகிய தரையாவது இருந்திருந்தால், சின்ன வயதிலேயே “இது என்ன?” என்று யாரையாவது கேட்டிருப்போம்.

ஷொப்பினின் இதயம் வைத்திருக்கும் தேவாலயமும் பட்டியலில் இருந்தது. போகவில்லை. ஹொஸ்டலுக்கு வந்து எங்களில் ஒருத்தி அம்மாவுக்குக் கோல் எடுத்தாள். “அம்மா, லைப்ரரி எரிஞ்ச நேரம் நீங்கள் எத்தினையாம் வகுப்பு?” என்று கேட்டாள். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. “ஏழு. ஏன் பிள்ளை இப்ப கேக்கிறாய்?” என்றா. பிறகு நாற்பது நிமிடம் கதைத்தா. இவ்வளவு காலமும் அவ அதைச் சொல்லாததற்குக் காரணம், நாங்கள் கேட்காததுதான்.

ரெயின் ரிக்கற்றின் பின்பக்கத்தில் எழுதத் தொடங்கினோம். இடம் போதவில்லை. காலையில் போய் ஒரு கொப்பி வாங்கினோம்.