சாரல் கணக்கு

ஜூன் 6, தென்காசி

காலை 8.30 மணிக்கு எடுக்கும் மழையளவு, அதற்கு முந்தைய 24 மணி நேரத்துக்கானது. மே 31 பிற்பகலில் செங்கோட்டையில் பெய்த மழை ஜூன் 1 தேதியிட்டுத்தான் பதிவாகும். தென்மேற்குப் பருவமழைக் கணக்கு தொடங்குவதும் அன்றுதான். அதனால் மழைப் பதிவுகளுக்காக நான் அமைக்கும் அட்டவணையில் ‘அளந்த தேதி’ என்றே தலைப்பு வைத்தேன்.

நாளுக்கொரு நெடுவரிசை பேரேட்டுக்குச் சரி, தரவுத்தளத்துக்கு ஆகாது. நிலையம், அளந்த தேதி, அளவு: ஓர் அளவீட்டுக்கு ஒரு வரிசை. முதல் இரண்டும் சேர்ந்தே சாவி என்பதால் ஒரே நாள் இருமுறை நுழையாது. கடனா, ராமநதி, கருப்பாநதி, குண்டாறு, அடவிநயினார் என ஐந்து அணைகளுக்கும் 30 ஆண்டுப் பதிவுகளை ஏற்றினாலும் 55,000 வரிசைக்குள் அடங்கிவிடும். கைபேசியே தாங்கும். வேகத்தைப் பற்றிய கவலையை இங்கேயே விட்டுவிடலாம்.

ஜூன் 10, இலஞ்சி

மாமா தோப்பில் மழைமானி வைத்து நோட்டில் எழுதிவருகிறார். “இந்தக் கட்டம் ஏன் மாமா காலியாக் கெடக்கு?” என்றேன்.

“அன்னைக்கு நான் ஊர்ல இல்ல மருமவனே. மழை பெய்யலைன்னா சைபர்லா போட்டிருப்பேன்.”

எனக்கு வேண்டியது இந்த நேர்மைதான். சராசரி போடும்போது காலியை எஸ்.க்யூ.எல். விட்டுவிடும், பூஜ்யத்தைச் சேர்த்துக்கொள்ளும். காலிகளையெல்லாம் பூஜ்யமாக்கினால், பார்க்காத நாளெல்லாம் வறண்ட நாளாகிவிடும். 0.1 மில்லிமீட்டருக்கும் குறைந்த தூறலுக்குத் தனிக் குறி வைத்திருக்கிறேன். கூட்டுத்தொகையில் அது ஏறாது. ஆனால் சாரல் விழுந்த நாளை மழையற்ற நாள் என்று எழுத எனக்கு மனம் வராது.

ஜூன் 14, குற்றாலம்

ஐந்தருவியில் நல்ல தண்ணீர். அறைக்கு வந்து மாதச் சுருக்க அட்டவணையைத் தொடங்கினேன். அதில் சராசரியைச் சேமிக்கப்போவதில்லை. மொத்த அளவு, பதிவான நாட்கள் இரண்டு மட்டும். ஒரு மாதம் 10 நாள் பதிவு, சராசரி 20 மி.மீ.; மறுமாதம் 30 நாள் பதிவு, சராசரி 4 என்று வைப்போம். இரண்டு சராசரிகளையும் கூட்டிப் பாதியாக்கினால் 12. மொத்தம் 320-ஐ 40 நாளால் வகுத்தால் 8, அதுதான் உண்மை. புது அளவீடு வந்தால் இரண்டு எண்கள் மட்டும் மாறும், பழையதைத் திரும்பக் கூட்ட வேண்டாம்.

ஜூன் 15

நாள்வாரிச் சராசரிக்கு ஆண்டின் எத்தனையாவது நாள் என்ற எண் உதவாது. ஜூலை 15 சாதாரண ஆண்டில் 196-ஆவது நாள், லீப் ஆண்டில் 197. மாதமும் தேதியும் கொண்டே தொகுக்கிறேன். 1991 முதல் 2020 வரை பிப்ரவரி 29 எட்டு முறைதான் வந்திருக்கிறது. ஒரு நிலையத்தில் அதன் சராசரிக்குப் பக்கத்தில் பதிவான நாட்கள் 8-க்கு மேல் வந்தால் ஏற்றியதில் பிழை.