அம்மாவுக்கு முழு மாத்திரை, செல்லிக்குக் கால் மாத்திரை!

எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் மேல் இரண்டு மாத்திரை டப்பாக்கள் இருக்கின்றன. இரண்டிலும் ஒரே மருந்துதான், ஆம்லோடிபின். ஒன்று 78 வயது அம்மாவுக்கு. இன்னொன்று 15 வயது செல்லிக்கு. செல்லி, எங்கள் வீட்டுப் பூனை. பூனைக் கணக்கில் அவளும் அம்மா வயதுக்காரிதான்.

போன தை மாதம் ஒருநாள் காலை, செல்லி சமையலறை நிலைப்படியில் மோதிக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் நாற்காலிக் காலில். தூக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் போனேன். பளீரென்று வெயில் அடிக்கிறது. கோடு மாதிரி சுருங்க வேண்டிய கண்மணி வட்டமாக விரிந்தே நிற்கிறது. வலது கண்ணுக்குள் ரத்தச் சிவப்பு.

"வயசாச்சில்ல, புரை விழுந்திருக்கும்" என்றார் பக்கத்து வீட்டு மாமி. புரை ஒரே ராத்திரியில் விழுமா? ஆட்டோ பிடித்து வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்கு ஓடினோம்.

டாக்டர் கண்ணைப் பார்த்ததோடு நிறுத்தவில்லை. "பி.பி. பார்க்கணும். முதல்ல பத்து நிமிஷம் மடியில வெச்சுக்குங்க" என்றார். பயத்திலேயே பூனைக்கு பி.பி. ஏறிவிடுமாம். பிறகு முன்னங்காலில் பொம்மைக்குக் கட்டுகிற மாதிரி குட்டிப் பட்டை சுற்றி, ஐந்தாறு முறை அளந்து சராசரி எடுத்தார். 190.

பூனைக்கு 160-ஐத் தாண்டினாலே கவனிக்க வேண்டுமாம். 180-க்கு மேல் போனால் கண், மூளை, இதயம், கிட்னி எல்லாவற்றுக்கும் ஆபத்து. "சுவர்ல ஈரம் ஏறினா பெயின்ட் உப்பி உரிஞ்சு வருமில்ல? உள்ளே விழித்திரை அப்படித்தான் உரிஞ்சிருக்கு" என்றார் டாக்டர். ரத்தப் பரிசோதனையில் மூல காரணமும் தெரிந்தது: கிட்னி பலவீனம். வயதான பூனைகளுக்கு இது சகஜமாக வருகிற நோய்.

ஆக, கண்ணுக்கு வைத்தியம் கண்ணில் இல்லை. ஆபரேஷன் என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்துகொண்டிருந்த எங்கள் கையில், அம்மா தினமும் போடுகிற மாத்திரையின் பெயரை எழுதிக் கொடுத்தார். 2.5 மில்லிகிராம் மாத்திரையில் கால் பங்கு, தினம் ஒரு வேளை. "உடனே ஆரம்பிச்சா விழித்திரை திரும்ப ஒட்டலாம். ஆனா, பார்வை வரும்னு உறுதி சொல்ல முடியாது."

அன்று சாயங்காலம் பெரியப்பா போனில் வந்தார். "கண்ணும் போச்சு, கிட்னியும் போச்சு. ஒரு ஊசியப் போட்டு அனுப்பிவிடும்மா. பாவம், அது ஏன் கஷ்டப்படணும்?" ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த அம்மா, "எனக்கும் பி.பி. இருக்கு, கிட்னியும் சுமார்தான். என்னையும் அனுப்பிடுவீங்களா?" என்றார். பெரியப்பா பேச்சை மழைக்கு மாற்றினார்.

கடுகு மாதிரி இருக்கிற மாத்திரையை நாலாக வெட்டுவது பெரிய வித்தை. பிளேடு வைத்தால் பாதி பொடியாகிவிடும். மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வெட்டும் குட்டி டப்பா கிடைத்தது. கால் துண்டை வேகவைத்த மத்தி மீன் துணுக்கில் பொதித்து, அம்மாதான் ஊட்டுகிறார். (வீட்டில் இருக்கிற மாத்திரைதானே என்று யாரும் டாக்டரைக் கேட்காமல் பூனைக்குக் கொடுத்துவிடாதீர்கள். நாம் காய்ச்சலுக்குப் போடுகிற பாராசிட்டமால், பூனையின் உயிரையே எடுத்துவிடும்.)

ஒரு வாரம் கழித்துப் பார்த்தபோது பி.பி. 150. வலது கண்ணில் ரத்தம் மெல்லக் கரைந்தது, ஆனால் பார்வை வரவில்லை. இடது கண்ணில் டார்ச் அடித்தால் கண்மணி சோம்பேறித்தனமாகச் சுருங்குகிறது. நிழலாவது தெரியும் என்கிறார் டாக்டர்.

வீட்டில் இப்போது புதுச் சட்டங்கள். நாற்காலியை இடம் மாற்றக் கூடாது. தண்ணீர்க் கிண்ணம், மண் தட்டு அதே மூலையில்தான். தொடுவதற்கு முன் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். மீசையையும் மூக்கையும் வைத்துக்கொண்டே செல்லி வீட்டை மனப்பாடம் செய்துவிட்டாள். சோபாவில் ஏறுகிறாள், இறங்கும்போது மட்டும் முன்னங்காலை நீட்டித் தரையைத் தேடுகிறாள்.

மாதம் ஒருமுறை வேப்பேரிக்குப் போகிறோம். எட்டு மாதமாகத் தன் பி.பி.யைப் பார்க்க வராமல் டபாய்த்துக்கொண்டிருந்த அம்மா, "அவளைக் கூட்டிட்டுப் போற அன்னிக்கே எனக்கும் பாத்துடு" என்கிறார்.

நேற்று ஜன்னல் கம்பியில் ஒரு காக்கா வந்து உட்கார்ந்தது. கத்தவில்லை. செல்லி இடது பக்கமாகத் தலையைத் திருப்பி, வாலை இரண்டு தரம் அடித்தாள்.