எந்தத் தமிழ்?

வழக்கமாக மழை, பஸ், பழைய மாணவர்கள் என்று எழுதுகிறவன் இன்று கம்ப்யூட்டர் பற்றி எழுதுகிறேன். சிரிக்காதீர்கள். ஊரடங்கு நாட்களில் யூடியூப் பார்த்துக் கொஞ்சம் பைதான் கற்றுக்கொண்டவன்தான் நானும்.

பக்கத்துத் தெருவில் ஒரு பிள்ளை. எட்டாம் வகுப்பில் என்னிடம் தமிழ் படித்தவள். இப்போது பி.சி.ஏ. முதலாண்டு. பேரையூரிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருகிறாள். அவர்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள்.

சிறுவர்களுக்கான சொல் விளையாட்டு ஒன்றை புராஜெக்டாகச் செய்துகொண்டிருந்தாள். ஒரு சொல்லில் எத்தனை எழுத்து என்று கம்ப்யூட்டர் சொல்ல வேண்டும். ‘பேரையூர்’ என்று கொடுத்தால் பைதான் 8 என்கிறது. நாம் எண்ணினால் பே, ரை, யூ, ர். நான்குதானே? யூனிகோடில் கொம்பும் புள்ளியும் தனித்தனிக் குறிகள். அவற்றையும் சேர்த்து எண்ணிவிடுகிறது. இதைச் சரியாகப் பிரித்துத் தர ‘ஓப்பன் தமிழ்’ என்ற இலவச நிரல் நூலகம் இருக்கிறது. ‘எழில்’ நிரல்மொழியை உருவாக்கிய முத்து அண்ணாமலையும் அவருடன் சேர்ந்தவர்களும் செய்தது. அதைச் சொன்னவன் நான்.

சனிக்கிழமை சாயங்காலம் லேப்டாப்போடு வந்து நின்றாள். திங்கட்கிழமை காட்ட வேண்டுமாம்.

“எனக்கு இது வராது சார். எல்லாருக்கும் இம்போர்ட் தானா வருது, எனக்கு மட்டும் வரல. பேசாம பி.ஏ. தமிழுக்கு மாறிடவா?”

தமிழாசிரியனிடம் இப்படிக் கேட்டால் ‘வாம்மா’ என்றுதான் வாயில் வரும். அவள் முகத்தைப் பார்த்ததும் சொல்லவில்லை.

வி.எஸ். கோட் எடிட்டரில் ஒரு செயலின் பெயரைத் தட்ட ஆரம்பித்தாலே, அது எந்த நூலகத்தில் இருக்கிறது என்று பார்த்துக் காட்டும்; அதைத் தேர்ந்தெடுத்தால் மேலே இம்போர்ட் வரியைத் தானே சேர்த்துக்கொள்ளும். அதுதான் வரவில்லை. முதல் கோளாறு சின்னது. புராஜெக்டுக்கென்று தனிச் சூழல் உருவாக்கி அதில் நூலகத்தை நிறுவியிருந்தாள். எடிட்டரோ பொதுப் பைதானைப் பார்த்துக்கொண்டிருந்தது. மாடியில் வைத்த சாமானைக் கீழ்வீட்டில் தேடிய கதை. கண்ட்ரோல், ஷிஃப்ட், பி மூன்றையும் அழுத்தி, ‘செலக்ட் இன்டர்பிரெட்டர்’ போய் சரியான பைதானைக் காட்டினோம். செட்டிங்ஸில் ‘ஆட்டோ இம்போர்ட் கம்ப்ளீஷன்ஸ்’ அணைந்து கிடந்தது. அதையும் போட்டோம்.

அப்புறமும் ஓடவில்லை. சிவப்பில் ஒரு வரி வந்தது: ‘தமிழ்’ ஒரு பேக்கேஜ் அல்ல.

ஆயுள் முழுக்கத் தமிழ் நடத்தியவனிடம் சொல்கிற வார்த்தையா இது? ஆனால் அவளைப்போல வரியைக் கடந்து போகாமல், உட்கார்ந்து படித்தேன். எந்தத் தமிழைச் சொல்கிறது? கண்ட்ரோலை அழுத்திக்கொண்டு இம்போர்ட் வரியில் இருந்த அந்தச் சொல்லைக் கிளிக் செய்யச் சொன்னேன். ஓப்பன் தமிழை நிரலில் அழைக்கும்போது வெறும் ‘தமிழ்’ என்றுதான் ஆங்கில எழுத்தில் எழுத வேண்டும். கிளிக் செய்தால் அந்த நூலகம் திறக்க வேண்டும். திறந்தது அவளுடைய கோப்பு. அவள் கோப்புக்கும் அதே பெயர்.

வகுப்பில் ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால், பெயரைக் கூப்பிட்டதும் முன் பெஞ்சுக்காரன் எழுந்து நிற்பானே, அதேதான். ஓடுகிற நிரல் இருக்கும் ஃபோல்டரில்தான் பைதான் முதலில் தேடும். அங்கே ‘தமிழ்’ கிடைத்துவிட்டால் நூலகம் வரை போகாது.

அந்தப் பெயரை வைத்தது யார் என்கிறீர்கள்? போன வாரம் “தமிழ்னே வையேன்மா, நல்லா இருக்கும்” என்று சொன்னவன் நான்தான். முந்தின நாள் போனில் “கவனமாப் பண்ணியிருக்க மாட்டே” என்று கடிந்துகொண்டதும் நான்தான். “தப்பு என்னோடதும்மா” என்றேன். “பரவால்ல சார்” என்று தலையைக் குனிந்துகொண்டாள்.

கோப்புக்கு வேறு பெயர் வைத்து ஓட்டினாள். பேரையூர் என்று கொடுத்தாள். 4 வந்தது. அடுத்து அவள் அப்பா பெயரைக் கொடுத்து, விரல்விட்டு எண்ணிச் சரிபார்த்துக்கொண்டாள்.

புதுப் பெயர் என்ன வைக்கலாம் என்று அவள் என்னிடம் கேட்கவே இல்லை.