கேட்டுக்கு வெளியே நிற்கிறவர்

"சரி, அந்தப் பெரியவர்கிட்டயே கேக்கிறேன். மில்லு மூடி எட்டு மாசம் ஆச்சு. அப்புறம் ஏன் தினமும் காலைல ஆறு மணிக்கு வந்து கேட்டு முன்னாடி நிக்கிறீங்க?"

கேட்டது ஒரு திருடி. அதாவது, சென்னையில் ஆடிட்டராக வேலை பார்க்கும் என் தோழி. சனிக்கிழமை ராத்திரிகளில் மட்டும் திருடி. ஹெட்போனில் மற்ற நான்கு பேரும் பதிலுக்குக் காத்திருந்தார்கள். என் கையில் அந்தப் பெரியவருக்கான அட்டை இருந்தது. பெயர், வேலை, பேச்சு வழக்கு, பயம் எல்லாம் எழுதியிருந்தேன். 'என்ன வேணும்' என்ற வரி மட்டும் காலி.

"அவர் பதில் சொல்லல. ஒரு பீடியை எடுத்துப் பத்த வைக்கிறார்" என்றேன். மாட்டிக்கொண்ட கேம் மாஸ்டர்கள் எல்லோரும் செய்கிற திருட்டுத்தனம் இது.

விளையாடாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் எழுதி வெளிவந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் ஆரம்பித்த வகை இது. ஆளுக்கு ஒரு பாத்திரம், கையில் பகடை, மற்றதெல்லாம் பேச்சு. ஆடுகிறவர்கள் தங்கள் ஒரே ஒரு ஆளைப் பார்த்துக்கொண்டால் போதும். அந்த உலகத்தில் மிச்சமிருக்கும் அத்தனை பேரும், ராஜா முதல் பரோட்டா மாஸ்டர் வரை, கேம் மாஸ்டரின் தலையில். அவர்களுக்கு 'நான் பிளேயர் கேரக்டர்' என்று பெயர், சுருக்கமாக என்பிசி. தமிழில் எழுதும்போது அந்த 'நான்' ஒரு மாதிரி உறுத்தும். முதலில் அதை வெறும் எழுத்து விபத்தாகத்தான் நினைத்தேன்.

என் முதல் கேம்பெய்னுக்குப் பன்னிரண்டு என்பிசிகளைத் தயார் செய்தேன். ஆளுக்கு மூன்று பக்கம். ஒரு ஜமீன்தாருக்கு அவருடைய தாத்தா காலத்து நில வழக்குவரை எழுதி வைத்திருந்தேன். ஆட வந்தவர்கள் ஜமீன் பக்கமே போகவில்லை. சுங்கச்சாவடியில் நின்ற காவல்காரனிடம் பேச்சுக் கொடுத்தார்கள். "உங்க பேரு என்னண்ணே?" எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மேசையில் இருந்த தைல டப்பாவைப் பார்த்து "அமிர்தம்" என்றேன். அமிர்தத்துக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா, சம்பளம் எவ்வளவு, சாப்பிட்டாரா என்று இரண்டு மணி நேரம். கடைசியில் அவரை வேலையை விட்டு நிறுத்தி, மாட்டு வண்டியில் ஏற்றி, கூடவே கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். யாரும் தொடாத வசதிகளுக்காக ராப்பகலாகக் கோட் எழுதிய எவருக்கும் இந்த வலி புரியும்.

அதற்குப் பிறகுதான் அட்டைக்கு வந்தேன். 2018இல் வந்த மைக் ஷேயின் சோம்பேறி டன்ஜன் மாஸ்டர் புத்தகம் அதற்குத் தைரியம் கொடுத்தது. குறைவாகத் தயார் செய்வது குற்றமில்லை என்று புரிந்தது. ஆனால் அட்டையில் 'பயம்' என்ற வரியை நான் சேர்த்ததற்குக் காரணம் முத்துப்பட்டன் கதை.

சின்ன வயதில் கோயில் கொடைகளில் வில்லுப்பாட்டுக் கேட்டு, பாதியில் ஆச்சி மடியில் தூங்கிப்போனவன் நான். பெரியவனான பிறகுதான் நா. வானமாமலையின் பதிப்பு வழியாகக் கதையை முழுதாக வாசித்தேன். பிராமணனான முத்துப்பட்டன், பொம்மக்கா திம்மக்கா என்ற இரண்டு சக்கிலியப் பெண்கள் மேல் ஆசைப்படுகிறான். பெண்களின் அப்பா வாலப்பகடை. எந்த மட்டமான கதையிலும் இந்த அப்பா ஒன்று வெட்ட வருவார், இல்லை காலில் விழுவார். வாலப்பகடை நிபந்தனை போடுகிறார். பூணூலை அறு, குடுமியை எடு, செருப்புத் தைத்துக் கொண்டு வா. பட்டன் அப்படியே செய்கிறான். பிறகு மாடு திருடர்களோடு சண்டையிட்டுச் சாகிறான். பாபநாசம் மலையில் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் பட்டவராயனாக நிற்கிற அவனுக்கு, இன்றைக்கும் செருப்புத்தான் காணிக்கை.

வாலப்பகடைக்கு என்ன வேண்டும் என்று மட்டும் எழுதியிருந்தால் 'மகள்களுக்கு நல்ல வாழ்வு' என்று சப்பையாக முடிந்திருக்கும். அவருடைய பயத்தைக் கேட்டால்தான் அந்த நிபந்தனைகள் ஏன் வந்தன என்று தெரிகிறது. நான் வாசிக்கிற விதத்தில், இந்த ஆள் ஆசை தீர்ந்ததும் அக்கிரகாரத்துக்கே திரும்பிப் போய்விடுவான் என்பதுதான் அவர் பயம். அவர் கேட்ட மூன்றும் திரும்பிப் போகும் வழியை அடைக்கிற காரியங்கள். கதை பட்டனுடையது. ஆனால் அதைத் திருப்பிவிடுகிற ஆள் ஓரமாக நிற்கிறார்.

டிராகன்களுக்கெல்லாம் முன்னால், 1969இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் டேவிட் வெஸ்லி என்பவர் பிரவுன்ஸ்டைன் என்ற போர் விளையாட்டை நடத்தினார். அதில் சிலருக்குப் படைகளைக் கொடுக்காமல் மேயர், வங்கிக்காரர் என்று ஊர்க்காரர்களைக் கொடுத்தார், ஆளுக்கொரு தேவையோடு. இந்த விளையாட்டின் மூதாதை அதுதான் என்கிறார்கள். கற்பனை ஊர்தான். எனக்கு அந்தச் சிரமம்கூட வேண்டாம் என்று பட்டது. பேட்டையையே எடுத்துக்கொண்டேன்.

தென்காசி ரோடு, ரயில் நிலையம், இந்துக் கல்லூரி வாசல், டீக்கடை பாய். அட்டைகள் கடகடவென்று நிரம்பின. திண்ணையில் சொளவை மடியில் வைத்துப் பீடி சுற்றும் அக்காவுக்கு, இருட்டுவதற்குள் எண்ணிக்கை முடிய வேண்டும். கடையில் பாதியைக் கழித்துவிடுவார்களோ என்று பயம். டீக்கடை பாய்க்குப் பழைய பாக்கி வர வேண்டும். கேட்டால் ஆள் வராமல் போய்விடுவானோ என்று பயம். மூடிய மில் கேட்டில் நிற்கிற பெரியவர்தான் காலியாகவே இருந்தார்.

அவர் என் அப்பா. அதை நான் ஆடுகிறவர்களிடம் சொல்லவில்லை.

நான் ஒன்பதாவது படிக்கும்போது அப்பாவின் நூற்பாலை மூடப்பட்டது. அதற்குப் பிறகு எட்டு மாதம் அப்பா விடியற்காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய், மூடிய கேட்டின் முன்னால் நின்றுவிட்டு வந்தார். இருபது வருஷத்துக்கு மேல் என்னிடம் இதற்கு ஒரு விளக்கம் இருந்தது. உழைத்த இடத்தை விட்டு வர மனசு இல்லை, சங்குச் சத்தம் இல்லாமல் விடியல் இல்லை, இந்த மாதிரி. கல்லூரி ஆண்டு மலரில் கவிதையாகவே எழுதியிருக்கிறேன். ஆனால் அட்டையில் எழுதப் போனால் கை வரவில்லை. அந்த வாக்கியங்கள் எதையும் அப்பா வாயில் வைக்க முடியாது. அவர் அப்படிப் பேசுகிற ஆளே இல்லை.

அடுத்த வாரம் ஊருக்குப் போனபோது கேட்டேன். அப்பா தினத்தந்தியை மடித்து வைத்தார்.

"ஒருத்தனுக்கு சொசைட்டி லோனுக்கு ஜாமீன் போட்டிருந்தேன். மில்லு மூடுனதும் ஆளக் காணும். கணக்கு முடிக்க என்னைக்காவது கேட்டுக்கு வந்துதான ஆகணும்? அதான் போய் நின்னேன்."

"வந்தாரா?"

"ஏழாம் மாசம் வந்தான். சின்னப் பிள்ளையக் கையில பிடிச்சுக்கிட்டு வந்தான். என்னத்தக் கேக்கச் சொல்லுத?"

"அப்போ அந்தப் பணம்?"

"மோதிரத்த வச்சுக் கட்டிட்டேன்."

கல்யாண மோதிரம். அது குறுக்குத்துறையில் குளிக்கும்போது ஆற்றோடு போய்விட்டது என்றுதான் வீட்டில் பேச்சு. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க நான் முங்கி முங்கித் தேடியிருக்கிறேன். பக்கத்தில் அப்பாவும் முங்கித் தேடினார்.

"ஏழாம் மாசமே ஆளப் பாத்தாச்சு. பெறகு எட்டாம் மாசம் ஏன் போனீங்க?"

"சட்டுனு நிறுத்துனா ஒங்க அம்மை ஏன்னு கேப்பாள்லா."

ரகசியத்தைச் சொல்லிவிட்ட தோரணையில் மறுபடியும் பேப்பரை விரித்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கொஞ்சம் கோபமும். பதினான்கு வயதில் அந்த மில் கேட்டுக்காக நான் எவ்வளவு அழுதிருக்கிறேன்!

அன்றைக்குச் சாயங்காலம் அடுக்களையில் அம்மாவிடம் மெதுவாக ஆரம்பித்தேன். அவள் புளியைக் கரைத்துக்கொண்டே, "தெரியும்ல. ஆத்துல போன மோதிரத்துக்கு அடகுக்கடைச் சீட்டு எங்க இருந்துல வரும்? சட்டைப் பையிலதான் இருந்துச்சு, துவைக்கும்போது எடுத்தேன்" என்றாள்.

"அப்போ ஏம்மா ஒண்ணும் கேக்கல?"

"அவுக அவ்வளவு கஷ்டப்பட்டு முங்கித் தேடுதாக. என்னத்தக் கேக்க?"

பெங்களூருக்கு ரயில் ஏறியதும் அட்டையை எடுத்து அந்த வரியை நிரப்பினேன். பின்பக்கம் திருப்பி இன்னொரு என்பிசியையும் எழுதினேன்: பெரியவரின் மனைவி. அவளுக்கு என்ன பயம் என்பதை மட்டும் எழுத நேரம் பிடித்தது.

சனிக்கிழமை செஷனுக்கு அரை மணி நேரம் முன்பே தயாராக இருந்தேன். திருடி அந்தக் கேள்வியை மறுபடி கேட்பாள் என்று நினைத்தேன். கேட்கவில்லை. ஐந்து பேரும் பெரியவருக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டு, அவரைத் தாண்டி, கேட்டுக்கு உள்ளே உட்கார்ந்திருந்த வாட்ச்மேனிடம் போய் பெயர் என்னவென்று கேட்டார்கள்.